நான் அழித்த சிவப்புக் கோடு

ரூபி கடைக்குள் வந்தபோது நான் ஸ்டூல்மேல் ஏறி நின்று மேல் தட்டில் வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். செங்கல்பட்டு பஜாரில் அந்த நேரத்துக்கு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்காது. மின்விசிறி சத்தம் மட்டும்தான்.

"பாய், கொஞ்சம் எறங்குறீங்களா?" என்றார்.

இறங்கினேன். கையில் இந்தப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்திருந்தார். அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துப் பிரித்தார். சில வாரங்களுக்கு முன்பு வந்த இதழ். நான் எழுதிய பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அந்த இடத்தில் அதைப் பலமுறை பிரித்துப் படித்திருக்கிறார்.

திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டிவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன்.

"இத எங்க வூட்டுக்காரருகிட்ட காட்டல பாய்," என்றார் ரூபி. "பாத்தா தாங்க மாட்டாரு. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினு வராரு. உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கா? எதுக்குமா?"

"பேரு போடாம எழுதினீங்களே, அதுக்குதான். வேற யாருனா இருந்தா நாறடிச்சிருப்பாங்க."

ஒரு அட்டை ஹேர்பின் வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். பத்திரிகையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். வீட்டில் எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டுமே.

நான் மறுபடி ஸ்டூல்மேல் ஏறவில்லை.

அந்த வாரம் எழுதிய பொய்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அந்த அத்தியாயம் நினைவிருக்கும். முட்டுக்காடு பாலத்தருகே என் பைக்கின் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு, அதை ஓட்டிப் போன என் மச்சினன் இர்ஃபான் தூக்கி எறியப்பட்ட கதை. படிக்காதவர்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதில் முக்கியமான இடமே பொய்.

'ஒரு மெக்கானிக் முடுக்க மறந்த ஒரே ஒரு போல்ட்' என்று எழுதியிருந்தேன். அதையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். வாசகர்கள் கடிதம் போட்டார்கள். 'இந்த மெக்கானிக்குகளே இப்படித்தான் ஐயா' என்று ஒருவர். 'அந்த ஆளைச் சும்மா விட்டீர்களா?' என்று இன்னொருவர். அவற்றைப் படித்து நான் தலையாட்டினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் எதையும் மறக்கவில்லை. அந்த போல்ட்டைக் கடைசியாகத் தொட்டவன் நான். முடுக்காமல் விட்டவனும் நான். அது தெரிந்த பிறகு, தெரியாதபடி செய்தவனும் நான்.

அவன் பெயர் சாலமன். ரூபியின் கணவன். திருக்கழுக்குன்றம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு பைக் பழுது பார்க்கிறான். என் வயதுதான் அவனுக்கும். அவனுடைய சம்மதத்தோடுதான் பெயரை எழுதுகிறேன்.

ஒட்டகம்

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பித்தது அங்கேதான்.

மலைக்கும் மேட்டுக்கும் போவதற்கென்றே செய்த பெரிய பைக். அட்வென்ச்சர் பைக் என்பார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு ஐ.டி. ஊழியரிடம் வாங்கினேன். அவர் அதில் லடாக் வரை போய் வந்தவர். அவருக்கு முன்பு இரண்டு பேர் கையில் இருந்து, அவர்கள் எங்கெங்கே போனார்களோ தெரியாது. டாங்கியைச் சுற்றி இரும்புக் கம்பி, அதில் ஏகப்பட்ட கீறல். ஒவ்வொரு கீறலும் ஏதோ ஒரு மலையில் வாங்கியது என்று நானே நினைத்துக்கொள்வேன். கூடுவாஞ்சேரி ரயில்வே கேட்டில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

எனக்கு உயரம் ஐந்தடி நாலு அங்குலம். அந்த வண்டியில் உட்கார்ந்து சிக்னலில் நின்றால் ஒரு காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொடும். என் மனைவி ஷாஹிதா முதல் நாளே அதற்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"வளையலு விக்கிறவருக்கு இன்னாத்துக்குங்க ஒட்டகம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. எங்களுடையது பேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, ரிப்பன், நெயில் பாலிஷ். நாள் முழுக்க "இந்தக் கலரு உனுக்கு எடுப்பா கீதும்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கால் கவசமும் தடித்த ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். எங்கள் ஊர் வெயிலில் அந்த ஜாக்கெட்டைப் போட்டால் மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் உள்ளே ஆள் வெந்துவிடுவான். ஆனாலும் போட்டேன். அதைப் போட்டால்தான் நான் வேறு ஆள்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. லடாக், ஸ்பிட்டி என்று வாய் கிழியப் பேசுவோம். போவதென்னவோ மாமல்லபுரத்தில் இட்லி, வடகறி தின்பதற்கு. தின்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

பழைய வண்டி வாங்கியவனுக்குக் கை சும்மா இருக்காது. வாரத்துக்கு ஒரு சத்தம் புதிதாக வரும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கழற்ற ஆரம்பித்தேன். செயினுக்கு எண்ணெய், பிறகு ஏர் ஃபில்டர், பிறகு கிளட்ச் கேபிள் என்று ஒவ்வொன்றாகத் துணிச்சல் ஏறியது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தால் எனக்குப் பெருமை. மூன்றாம் நாள்தான் அதை எடுப்பேன். கடையில் விற்கும் நெயில் பாலிஷ் ரிமூவரில் ஒரு பாட்டிலை வீட்டுக்குப் பின்னால் ஸ்பேனர் பெட்டியிலேயே வைத்திருந்தேன். கிரீஸ் கறைக்கு அதைப்போல எதுவும் கேட்காது.

சாலமன் வேலை பார்க்கும் விதம்

சாலமன் எனக்குப் பழக்கமானதே நெயில் பாலிஷால்தான்.

ஒருநாள் கடையில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நிற்கும்போது வந்தான். எண்ணெய் படிந்த சட்டை. "பாய், நெயில் பாலிஷ் குடு. நல்ல சேப்பா இருக்கணும். சீக்கிரம் காயணும், மழைக்குப் போவக்கூடாது," என்றான். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை. மூன்று பாட்டிலை மூடி திறந்து, தன் கட்டைவிரல் நகத்திலேயே பூசிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அது எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. முக்கியமான ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கி முடித்ததும், போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இழுப்பான்.

"கோடு நேரா இருந்தா, நான் வெச்சது வெச்சபடி கீதுன்னு அர்த்தம் பாய். கோடு உடஞ்சி தள்ளிப் போயிருந்தா, எனுக்கப்பறம் வேற எவனோ கை வெச்சிருக்கான். முடுக்காம நான் கோடு போட மாட்டேன். கோடு போடாம வண்டிய வெளிய வுட மாட்டேன்."

இதற்காகவே எங்கள் குழுவில் எல்லாரும் அவனிடம் போனார்கள். அவனை அவர்களுக்கு அறிமுகப்படுத்தி வைத்தவன் நான்.

நான் வீட்டில் கழற்றி மாட்டுவது அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. "வூட்ல இன்னா வோணா நோண்டிக்கோ. பிரேக்குல மட்டும் கை வெக்காத. வெச்சிட்டேன்னா வந்து ஒரு வார்த்த சொல்லிடு. நான் பாத்துட்டு கோடு போட்டுத் தரேன்."

சரி என்றேன். சொல்வதற்கு என்ன கஷ்டம்?

வெள்ளிக்கிழமை மதியம்

சாலமன் முன்பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டு, எல்லா போல்ட்டுக்கும் கோடு போட்டு வண்டியைக் கொடுத்த ஒரு வாரத்தில் முன்சக்கரம் பஞ்சரானது.

தள்ளிக்கொண்டு போய் அவனிடம் விட்டிருக்கலாம். ஆனால் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றும் வீடியோவை நான் அதற்குள் நாலு தடவை பார்த்திருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சக்கரத்தின் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புக் கவ்விக்கு காலிப்பர் என்று பெயர். அது இரண்டே போல்ட்டில் நிற்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. அதை எடுத்துவிட்டால் சக்கரம் மாட்டச் சுலபம் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். இரண்டையும் கழற்றினேன். சிவப்புக் கோடு இரண்டும் உடைந்தன. பார்த்தேன். மனதில் சுருக்கென்றது. அடுத்த வாரம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டியூப் மாற்றி, சக்கரத்தை மாட்டி, காலிப்பரையும் மாட்டினேன். மேல் போல்ட்டை ஸ்பேனர் போட்டு முடுக்கினேன். கீழ் போல்ட்டைக் கையால் திருகி நிறுத்தியபோது போன் அடித்தது. பக்கத்துக் கடைக்காரர். "பாய், கல்யாணக் கூட்டம் ஒண்ணு வளையலுக்கு வந்து நிக்குது, கடைய சீக்கிரம் தெற" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி இரண்டு சக்கரத்திலும் ஜோராக நின்றது. பார்த்தால் வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது. ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

சத்தியமாக மறந்துவிட்டேன். மறப்பது யாருக்கும் வரும். நான் வெட்கப்படுவது அதற்காக அல்ல.

பாலத்தருகே

ஞாயிற்றுக்கிழமை இர்ஃபான் வந்தான். ஷாஹிதாவின் தம்பி. "மச்சான், இன்னிக்கு ஒட்டகத்த நான் ஓட்றேன்" என்றான். எனக்கும் ஆசைதான், அது எப்படி ஓடுகிறது என்று பின்னால் இருந்து பார்க்க. அவன் ஸ்கூட்டரில் நான் பின்தொடர்ந்தேன்.

மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டு ஈ.சி.ஆரில் வடக்கே போனோம். முட்டுக்காட்டில் படகுத்துறைக்கு வந்த கூட்டம் சாலையில் நின்றது. கார்கள் ஊர்ந்தன. இர்ஃபானும் வேகத்தைக் குறைத்து பிரேக் பிடித்தான். சக்கரக் கம்பிகளில் இரும்பு அடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. அடுத்த நொடி முன்சக்கரம் அப்படியே நின்றது. வண்டியின் பின்பக்கம் மேலே தூக்க, அவன் முன்னால் பறந்துபோய் விழுந்தான்.

கூட்டம் இல்லாமல் வேகமாகப் போயிருந்தால் இன்று இதை எழுத எனக்குத் தைரியமே இருந்திருக்காது.

உப்பங்கழிச் சேற்று வாடை அடித்துக்கொண்டிருந்தது. இளநீர்க்காரர் ஒருவர் ஓடிவந்து அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இடது தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருந்தன. இன்றைக்கும் அவனால் இடது கையை முழுசாக மேலே தூக்க முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமனார் கேட்டார்: "யாருய்யா வேல பாத்த வண்டி இது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷாஹிதா அழுது வீங்கிய கண்ணோடு பார்த்தாள்.

"சாலமன்," என்றேன்.

அது பொய்கூட இல்லை. வேலை பார்த்தது சாலமன்தானே. வெள்ளிக்கிழமை சக்கரத்தை நான் கழற்றி மாட்டியதை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவு சாமர்த்தியமான வாய் எனக்கு.

இந்த வாய் எனக்குச் சின்ன வயதிலேயே வந்ததுதான். அத்தா, அதாவது என் அப்பா, கடை நடத்திய காலத்தில் கண்ணாடி வளையல் வைக்கோல் திணித்த பார்சலில் லாரியில் வரும். பிரிக்கும்போது என் கை பட்டு ஒரு டஜன் உடைந்தால், "பார்சல்லயே ஒடஞ்சி வந்துச்சித்தா" என்பேன். அத்தா லாரி ஆபீசுக்குப் போய் அங்கே யாரோ ஒரு சுமை தூக்கியிடம் கத்திவிட்டு வருவார். அந்த ஆள் முகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலமன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

பஞ்சும் பாட்டிலும்

வண்டியை மினி டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். 'நாளைக்குக் காலையில அந்த ஆள வரச் சொல்லு' என்று மாமனார் உத்தரவு.

மறுநாள் அவன் வருவதற்கு அரை மணி முன்பு வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். கீழ் போல்ட்டைக் கையால் திருகியதோடு விட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கீழ் போல்ட் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டிருந்தது. மேல் போல்ட்டில் மட்டும் தொங்கிய காலிப்பர் சுழன்று சக்கரக் கம்பிகளில் சிக்கியிருந்தது. அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பாதிக் கோடு. மேல் போல்ட் அப்படியே இருந்தது. அதன் தலையில் இருந்த கோடு ஒரு பக்கம் பார்த்தது, பக்கத்து இரும்பில் இருந்த கோடு வேறு பக்கம் பார்த்தது. தனக்குப் பிறகு வேறு ஒருவன் கழற்றியிருக்கிறான் என்று சாலமனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பெட்டியிலிருந்து ரிமூவர் பாட்டிலை எடுத்தேன். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். அழுகிய பழத்தின் வாசனைபோல மூக்கில் ஏறியது. பஞ்சு ரோஸ் நிறமானது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சைச் சாக்கடையில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வண்டியில் மற்ற எல்லா போல்ட்டுக்கும் கோடு இருந்தது. இந்த இரண்டுக்கு மட்டும் இல்லை.

சாலமன் வந்தான். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக வண்டியிடம் போய் உட்கார்ந்தான். போன் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தான். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினான்.

"கோடு இல்ல பாய்," என்றான்.

"இல்லதான்," என்றேன்.

"எல்லாத்துக்கும் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் போடல." என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவன் என்னிடம் உதவி கேட்பவன் மாதிரி பார்த்தான். "டைட்டு வெச்சா மாதிரிதான் ஞாபகம் கீது. ஆனா கோடு இல்லியே பாய். அப்ப நான் வெக்கல."

தன் ஞாபகத்தைவிட அவன் அந்தக் கோட்டைத்தான் நம்புவான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்து இர்ஃபானின் கட்டில் ஓரத்தில் நின்று, "மன்னிச்சிக்கோ தம்பி" என்று கும்பிட்டான். என் மாமனார் வார்டு முழுக்கக் கேட்கும்படி அவனைத் திட்டினார். "ஒரு உசுரு போயிருக்கும்டா!" என்றார். அவன் தலை குனிந்து நின்றான். நான் மாமனாருக்கு டீ வாங்கி வரப் போனேன்.

அதற்குப் பிறகு

குழுவில் நான் ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. போல்ட் இல்லாத அந்த ஓட்டையைப் படம் எடுத்துப் போட்டேன், அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

சாலமன் பிரேக் வேலை எடுப்பதையே நிறுத்திவிட்டான். யாராவது கேட்டால், "அது வேற எடத்துல பாத்துக்கோங்க" என்பான். பஞ்சர், செயின், ஆயில். அதையும் திரும்பத் திரும்பப் பார்ப்பான். முடுக்கிவிட்டு நாலடி போவான், திரும்பி வந்து ஸ்பேனரை வைத்துப் பார்ப்பான். ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் ஆனது.

கண் கெட்டுவிட்டதோ என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவே இல்லை என்று ரூபி ஷாஹிதாவிடம் சொல்லியிருக்கிறார். கண்ணில் ஏதாவது கோளாறு இருந்திருந்தால் அவனுக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

நான் மட்டும் அவனை விடவில்லை. ஆயில் மாற்ற அவனிடமே போனேன். என் வண்டிக்கு அவன் கூலி வாங்க மறுத்தான். நான் வற்புறுத்துவதுபோல வற்புறுத்தி, தோற்பதுபோலத் தோற்றேன். 'எத்தினியோ பேரு போயிட்டாங்க, பாய் மட்டும் வராரு' என்று அவன் மற்றவர்களிடம் சொல்வது என் காதுக்கும் வந்தது. எனக்கு அது இனிக்கவும் செய்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் இனித்தது.

டீக்கடையில் அந்த விபத்தைப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி நன்றாகப் பழகிவிட்டது. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்றெல்லாம் தெரிந்துவிட்டது. அதனால்தான் தொடரில் எழுத விஷயம் தேடிய வாரம் அது தானாகப் பேனாவில் வந்தது.

பிறகு ரூபி கடைக்கு வந்து நன்றி சொன்னார்.

வீட்டில்

அன்று சாயங்காலமே ஷாஹிதாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எங்க அத்தா அந்த மனுசன அவ்ளோ பேரு எதுத்தாப்ல திட்டினாரே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"டீ வாங்கப் போனேன்."

மாவை மூடி வைத்துவிட்டு, "நாளைக்குப் போயி அவருகிட்ட சொல்லுங்க. அந்த வண்டில போவாதீங்க. பஸ்ல போங்க," என்றாள்.

இர்ஃபானுக்குப் போன் செய்தேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"மச்சான், அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு திட்டியிருப்பேன். அவ்ளோதானே மச்சான்? அதுக்கா?" என்றான்.

ஆமாம். அதற்குத்தான். இரண்டு நாள் திட்டுக்குப் பயந்துதான் இத்தனையும்.

கொட்டகையில்

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் கோயிலுக்குப் போகிற கூட்டம். கொட்டகைக்கு எதிரே நான் இறங்கியபோது சாலமன் ஒரு மொபெட்டின் செயினை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய், பஸ்ல வர? வண்டி இன்னா ஆச்சி?"

"வண்டி நல்லாதான் கீது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. "அந்த காலிப்பர வெள்ளிக்கிழம நான் கழட்னேன் சாலமன். கீழ் போல்ட்ட முடுக்காம வுட்டுட்டேன். நீ போட்ட கோட்ட நான்தான் ரிமூவர் வெச்சி அழிச்சேன்." இவ்வளவுதான்.

அவன் செயினை விடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ரூபி சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"எனுக்குத் தெரியும் பாய். கடைக்கு வந்துருப்பா, அழுதிருப்பா. நீ நல்ல மனசுக்காரன். அதுக்காக உன் தலைல போட்டுக்காத. வுடு, நடந்தது நடந்துபோச்சி."

நான் எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது ஆறுதலாகக் கேட்கிறது.

"அல்லா மேல ஆணையா சொல்றேன் சாலமன். நான்தான்."

சிரிப்பு போய்விட்டது. செயினைக் கீழே வைத்தான். துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. என் முகத்தை இப்போதுதான் பார்த்தான்.

"அப்ப ஒண்ணு கேக்குறேன், சொல்லு," என்றான். "கழட்னேன்னு சொல்றியே. கழட்டும்போது எப்டி இருந்துச்சி?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் அழித்த கோடு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, கழற்றியவன் கை மட்டும்தான் இனி சொல்ல முடியும்.

"ஸ்பேனருக்கு அசையல," என்றேன். "ரெண்டு கையாலயும் இழுத்தேன், வரல. அப்பறம் வூட்ல இருந்த தண்ணி பைப்பு துண்டு ஒண்ண ஸ்பேனர்ல சொருகி, மேல ஏறி மிதிச்சேன். டக்குனு ஒரு சத்தம். ஸ்பேனர் நழுவி முட்டில தோலு பேந்துச்சி."

"கீழ் போல்ட்டா?"

"கீழ் போல்ட்டு."

"மேல?"

"அதுவும் அப்டிதான். அதுக்கும் ஏறி மிதிச்சேன்."

"டக்குன்னா?"

"டக்குனு."

சாலமன் பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தான். பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"என் பையன் சைக்கிளுக்குக் காத்து அடிச்சிக் குடுத்துட்டு, அவன் தெரு திரும்புற வரைக்கும் பயந்துகினு நின்னேன் பாய்," என்றான். குரல் உயரவே இல்லை. "பெத்த புள்ள சைக்கிளு பாய். என் கை பட்டுதேன்னு."

"மன்னிச்சிடு சாலமன்."

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

"எப்டி கழட்னேன்னு சொன்ன? இன்னொரு தபா சொல்லு," என்றான்.

சொன்னேன். இரண்டு கையாலும் இழுத்தது, பைப் சொருகியது, ஏறி மிதித்தது.

"இன்னொரு தபா."

மறுபடி சொன்னேன். மொபெட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாலமன் அவரைக் கவனிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவை நான் சொல்லும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. நான் பயந்துபோய் பாதியில் நிறுத்தினேன்.

"நிறுத்தாத," என்றான். "டைட்டா இருந்துச்சின்னு சொல்லு."

"டைட்டா இருந்துச்சி சாலமன்," என்றேன். "ரொம்ப டைட்டா இருந்துச்சி."